பணிவாரி கமாண்ட் என்றால் என்ன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரில் அல்சூர், மர்ஃபி டவுன், ஜாலஹள்ளி என்று எந்தப் பக்கம் போனாலும் படையில் வேலை பார்த்த, பார்க்கிற தமிழ்க் குடும்பங்கள் உண்டு. அந்தக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் படைத் தேர்வுக்கு வகுப்பு எடுக்கிறேன். விமானம், துப்பாக்கி பற்றிய கேள்விகளைவிட "யார் யாருக்குக் கீழே?" என்ற கேள்விதான் அதிகம் வருகிறது. பிள்ளைகளை அழைத்துப் போக வரும் பெற்றோரும் அதையே கேட்கிறார்கள். அவற்றில் கமாண்டுகளை, அதாவது ஒரு தளபதியின் கீழ் இயங்கும் பெரிய படை அமைப்புகளைப் பற்றியவற்றை மட்டும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

நாட்டை நாலு பக்கமாகப் பிரித்து ஆளுக்கொரு பக்கம் கொடுப்பதுதானே கமாண்ட்? பணிவாரி என்று தனியாக ஒன்று எதற்கு?

பாதி சரி. தரைப்படையின் வடக்கு கமாண்ட் உதம்பூரில் இருந்துகொண்டு ஜம்மு காஷ்மீரையும் லடாக்கையும் பார்க்கிறது. கிழக்கு கமாண்ட் கொல்கத்தாவிலிருந்து வடகிழக்கு எல்லையைப் பார்க்கிறது. அங்கே சண்டை மூண்டால் அங்கே இருக்கும் தளபதி பொறுப்பு. இது பகுதிவாரிப் பிரிப்பு.

ஆனால் ஒரு விமானிக்குப் பயிற்சி கொடுக்கும் வேலையில் கிழக்கு ஏது, மேற்கு ஏது? ரயில்வேயைப் பாருங்கள். பெரம்பூர் ஐ.சி.எஃப். சென்னையில்தான் இருக்கிறது. ஆனாலும் தெற்கு ரயில்வேக்குக் கீழே வராது. நாடு முழுக்க ஓடும் பெட்டிகளைக் கட்டுவதால் அது நேரே ரயில்வே வாரியத்துக்குப் பதில் சொல்கிறது. பணிவாரி கமாண்டும் அப்படித்தான். பயிற்சி, பராமரிப்பு, அணு ஆயுதம், சரக்குப் போக்குவரத்து, சைபர் என்று ஒரு வேலையை எடுத்துக்கொண்டு, அந்த வேலை எங்கே நடந்தாலும் அதற்குப் பொறுப்பேற்கும்.

எதைப் பகுதிவாரியாக வைப்பது, எதைப் பணிவாரியாக வைப்பது என்பதற்கு நான் வகுப்பில் சொல்லும் சோதனை ஒன்றுதான். கையில் இருப்பது கொஞ்சம், கேட்பவர்கள் நிறைய என்றால் அதை ஒரே கையில் கொடுத்துவிடுவார்கள். பிரித்துக் கொடுத்தால் யாருக்கும் போதாது. கீழே வரும் பதில்கள் பலவும் இந்த இடத்துக்கே வந்து சேரும்.

இந்தியாவில் மொத்தம் எத்தனை கமாண்டுகள்? அவற்றில் பணிவாரி எவை?

முப்படைகளுக்கும் தனித்தனியாக 17. தரைப்படைக்கு 7, விமானப்படைக்கு 7, கடற்படைக்கு 3. இவை தவிர முப்படைகளுக்கும் பொதுவாக இரண்டு உண்டு: 2001-இல் வந்த அந்தமான் நிக்கோபார் கமாண்ட், 2003-இல் வந்த அணு ஆயுதங்களுக்கான ஸ்ட்ராடஜிக் ஃபோர்சஸ் கமாண்ட்.

பணிவாரி என்று சொல்லத்தக்கவை: தரைப்படையில் சிம்லாவில் உள்ள பயிற்சி கமாண்ட், விமானப்படையில் பெங்களூரில் உள்ள பயிற்சி கமாண்ட், நாக்பூரில் உள்ள பராமரிப்பு கமாண்ட், பொதுவானவற்றில் ஸ்ட்ராடஜிக் ஃபோர்சஸ் கமாண்ட். கொச்சியில் உள்ள தெற்குக் கடற்படை கமாண்டையும் இந்தப் பட்டியலில்தான் சேர்ப்பேன். பெயரில் திசை இருந்தும் ஏன் என்று கீழே சொல்கிறேன்.

தேர்வுக்குப் படிப்பவர்கள் தலைமையகங்களை மனப்பாடம் செய்தால் போதும் என்று நினைக்கிறார்கள். தேர்வு எழுத அது போதும். நேர்முகத்தில் "ஏன்?" என்று ஒரு கேள்வி வந்தால் திணறுவார்கள்.

மேக்ரி சர்க்கிள் தாண்டி ஹெப்பாள் போகிற வழியில் இருக்கும் விமானப்படைப் பயிற்சி கமாண்ட் தென்னிந்தியாவுக்கு மட்டுமா?

இல்லை, நாடு முழுவதற்கும். ஹைதராபாத் பக்கத்தில் துண்டிகலில் இருக்கும் விமானப்படை அகாடமி, பெலகாவியில் புதிதாகச் சேர்ந்த ஏர்மேன்களுக்கான பயிற்சிப் பள்ளி, ஜாலஹள்ளியில் தொழில்நுட்பக் கல்லூரி எல்லாம் இங்கிருந்துதான் நடத்தப்படுகின்றன.

இதில் சுவாரசியமான பழைய கதை ஒன்று உண்டு. 1949-இல் விமானப்படை தன்னை முதன்முதலில் கமாண்டுகளாகப் பிரித்துக்கொண்டபோது திசையே கணக்கில் வரவில்லை. ஆபரேஷனல் கமாண்ட், டிரெய்னிங் கமாண்ட் என்று இரண்டுதான். ஒன்று பறந்து சண்டை போட, இன்னொன்று கற்றுக்கொடுக்க. படை சின்னது, விமானங்களும் கொஞ்சம். அப்புறம் கிழக்கே தனி அமைப்பு தேவைப்பட்டது, படையும் பெருத்தது, ஆபரேஷனல் கமாண்ட் மேற்கு விமானப்படை கமாண்டாக மாறி டெல்லியில் நிலைத்தது. ஆக, விமானப்படையில் பணிவாரிப் பிரிப்புதான் மூத்தது. பெங்களூரின் டிரெய்னிங் கமாண்ட் மட்டும் அன்றைக்கு வைத்த பெயரோடு, அன்றைக்குக் கொடுத்த அதே வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

என் மகன் தாம்பரம் விமானப்படை நிலையத்தில் இருக்கிறான். அது திருவனந்தபுரத்தில் இருக்கும் தெற்கு விமானப்படை கமாண்டுக்குக் கீழே வருமா?

வராது. தாம்பரம் பெங்களூருக்குப் பதில் சொல்கிறது. விமானம் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர்களுக்கே கற்றுக்கொடுக்கும் பள்ளி அங்கே இருக்கிறது, மெக்கானிக்குகளுக்கான பயிற்சியும் நடக்கிறது. ஆகவே அது பயிற்சி கமாண்டின் சொத்து.

தமிழ்நாட்டு வரைபடத்தை எடுத்துவைத்துக்கொண்டால் இது இன்னும் நன்றாகப் புரியும். தஞ்சாவூரில் 2020 ஜனவரியில் சுகோய்-30 விமானங்களோடு 222-ஆம் ஸ்குவாட்ரன் (விமானப் படைப்பிரிவு) வந்து இறங்கியது. அது போர்ப் படை. இந்தியப் பெருங்கடல் பக்கம் பார்ப்பது அதன் வேலை, எனவே திருவனந்தபுரத்தின் கீழ் வருகிறது. கோயம்புத்தூரில் இருக்கும் விமானப்படை நிர்வாகக் கல்லூரி பெங்களூரின் கீழ். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் சூலூர். சூலூர் விமானத்தளம் திருவனந்தபுரத்தின் கீழ். அதே சூலூரில் இருக்கும் 5-ஆம் பழுதுபார்ப்பு டிப்போ நாக்பூரின் கீழ்! ஒரே ஊரில் இருக்கும் இரண்டு பேர், ஒரே சீருடை, ஆனால் ஒருவருக்கு மேலதிகாரி கேரளத்தில், மற்றவருக்கு மகாராஷ்டிரத்தில்.

வெளியிலிருந்து பார்த்தால் குழப்பமாகத் தெரியும். உள்ளே இருப்பவர்களுக்கு இது நியாயமாகவே படும். சண்டை நேரத்தில் திருவனந்தபுரத்துத் தளபதிக்குத் தஞ்சாவூர் விமானங்கள் மேல் அதிகாரம் வேண்டும். தாம்பரத்தில் இந்த ஆண்டு எத்தனை பேர் பாஸ் ஆகிறார்கள் என்ற கவலை அவருக்கு எதற்கு? அந்தக் கவலையும் அவர் தலையில் ஏறினால், அவசரத்துக்குப் பயிற்சி விமானத்தையும் ஆசிரியரையும் பிடுங்கிப் போருக்கு அனுப்பிவிடுவார். அடுத்த ஆண்டு விமானி இருக்க மாட்டார். பயிற்சியைப் போர்த் தளபதியின் கைக்கு எட்டாமல் தனியே வைத்திருப்பதன் பெரிய லாபமே இதுதான் என்று நினைக்கிறேன்.

கடற்படையில் மேற்கு, கிழக்கு, தெற்கு என்று மூன்றும் திசைதானே? அங்கே பணிவாரி எங்கிருந்து வந்தது?

பெயரை நம்பாதீர்கள். மும்பையில் மேற்கு கமாண்ட், விசாகப்பட்டினத்தில் கிழக்கு கமாண்ட். இரண்டும் போர்க்கப்பல்களை வைத்திருக்கும் கமாண்டுகள். கொச்சியில் இருக்கும் தெற்கு கமாண்டின் முக்கிய வேலை பயிற்சி. மாலுமிகளுக்குத் தொடக்கப் பயிற்சி கொடுக்கும் ஐ.என்.எஸ். சில்கா என்ற கரைத்தளம் ஒடிசாவில் இருக்கிறது. எஞ்சினியர்களுக்கான ஐ.என்.எஸ். சிவாஜி லோனாவலாவில். மின்துறைப் பயிற்சி தரும் ஐ.என்.எஸ். வல்சுரா குஜராத்தின் ஜாம்நகரில். மூன்றும் கொச்சியின் கீழ்தான். ஒடிசாவுக்கும் கொச்சிக்கும் எந்தத் திசைக் கணக்கிலும் உறவு கிடையாது, வேலைக் கணக்கில்தான் உண்டு.

தமிழ்நாட்டிலும் இதே கதை. அரக்கோணத்தில் இருக்கும் ஐ.என்.எஸ். ராஜாளி, ராமநாதபுரம் உச்சிப்புளியில் இருக்கும் ஐ.என்.எஸ். பருந்து இரண்டும் விசாகப்பட்டினத்தின் கீழ். கோயம்புத்தூரில் கடலே இல்லாத இடத்தில் ஐ.என்.எஸ். அக்ரணி என்று ஒரு தளம் இருக்கிறது. அங்கே நடப்பது தலைமைப் பண்புப் பயிற்சி. அது கொச்சியின் கீழ்.

இப்படி வேலையை வைத்துப் பிரிக்கும் பழக்கத்தை யார் தொடங்கினார்கள்?

இவர்தான் முதல் என்று ஒருவரைக் கைகாட்டத் தேவையில்லை. ஆனால் நன்றாகப் பதிவான பழைய உதாரணம் பிரிட்டிஷ் விமானப்படை. 1936 ஜூலையில் அது பாம்பர் கமாண்ட், ஃபைட்டர் கமாண்ட், கோஸ்டல் கமாண்ட், டிரெய்னிங் கமாண்ட் என்று பிரிந்தது. குண்டு போடுபவர்கள் ஒருபக்கம், வானத்தைக் காப்பவர்கள் ஒருபக்கம், கடலைப் பார்ப்பவர்கள் ஒருபக்கம், கற்றுக்கொடுப்பவர்கள் ஒருபக்கம்.

அதன் லாபமும் நஷ்டமும் அடுத்த சில ஆண்டுகளிலேயே தெரிந்துவிட்டன. 1940 மே மாதம் ஜெர்மானியர்கள் பிரான்சுக்குள் புகுந்தபோது, இன்னும் ஃபைட்டர் விமானங்களை அனுப்புங்கள் என்று பிரான்ஸ் கெஞ்சியது. ஃபைட்டர் கமாண்டின் தலைவர் ஹியூ டவுடிங் மறுத்துக் கடிதம் எழுதினார். இருப்பதையும் அங்கே கரைத்துவிட்டால் பிரிட்டனைக் காக்க எதுவும் மிஞ்சாது என்பது அவர் வாதம். நாட்டின் ஃபைட்டர்கள் மொத்தத்துக்கும் ஒரே ஆள் பொறுப்பாக இருந்ததால்தான் அப்படி எண்ணிப் பார்த்துச் சொல்ல முடிந்தது. அந்த ஆண்டுக் கோடையில் நடந்த வான்போரில் அந்த விமானங்கள் தேவைப்பட்டன.

நஷ்டம் அட்லாண்டிக்கில் தெரிந்தது. ஜெர்மன் நீர்மூழ்கிகள் நடுக்கடலில் சரக்குக் கப்பல்களை மூழ்கடித்துக்கொண்டிருந்தன. கரையிலிருந்து கிளம்பும் விமானங்களுக்கு எட்டாத ஒரு பரப்பு நடுவில் இருந்தது. அங்கே போய்வரக்கூடிய நீண்டதூர விமானங்கள் கோஸ்டல் கமாண்டுக்கு வேண்டும். பாம்பர் கமாண்டோ, நான்கு எஞ்சின் விமானம் எது இருந்தாலும் அது ஜெர்மனி மேல் குண்டு போடத்தான் என்று நின்றது. இழுபறி நீண்டது. 1943 வசந்தத்தில் லிபரேட்டர் என்ற நீண்டதூர விமானங்கள் சில டஜன் அந்த வேலைக்கு வந்தன, துணைக்குச் சிறிய விமானந்தாங்கிக் கப்பல்களும் வந்தன. மே மாதத்தில் ஜெர்மன் கடற்படை நீர்மூழ்கிகளை வடக்கு அட்லாண்டிக்கிலிருந்து பின்வாங்கிக்கொண்டது. சில டஜன்தான்! அதற்கு அத்தனை மாதம் பிடித்தது. வேலையை வைத்துப் பிரித்தால் ஒவ்வொரு கமாண்டுக்கும் தன் வேலைதான் உலகத்திலேயே பெரிய வேலை என்று தோன்றும். மேலே உட்கார்ந்து "இது முதலில், அது அப்புறம்" என்று சொல்ல ஒருவர் இல்லாவிட்டால் இந்த முறை தடுமாறும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஃபைட்டர் கமாண்டுக்கு உள்ளேயே பகுதிவாரிக் குரூப்கள் இருந்தன. தென்கிழக்கைப் பார்த்த 11-ஆம் குரூப்பின் தளபதி கீத் பார்க்குக்கும், அதற்கு வடக்கே இருந்த 12-ஆம் குரூப்பின் தளபதி லீ-மல்லோரிக்கும் இடையே நடந்த கருத்துச் சண்டை பிரசித்தம். சுத்தமான பணிவாரி என்றோ சுத்தமான பகுதிவாரி என்றோ எதுவும் நடைமுறையில் நிற்பதில்லை.

அமெரிக்காவில் எப்படி? அங்கேதான் இது பெரிய அளவில் இருக்கிறதாமே?

ஆமாம். அங்கே முப்படைகளும் ஆளைச் சேர்க்கும், பயிற்சி கொடுக்கும், தளவாடம் வாங்கும். சண்டையை நடத்துவது கூட்டு கமாண்டுகள். அதிபர், பாதுகாப்பு அமைச்சர், அடுத்து நேரே கமாண்டின் தளபதி. நடுவில் படைத் தலைவர்கள் கிடையாது. 1986-இல் வந்த கோல்ட்வாட்டர்-நிக்கல்ஸ் சட்டம் இதை இறுக்கிக் கட்டியது. 2019-இல் விண்வெளி கமாண்ட் மறுபடி உருவானபோது இந்தக் கமாண்டுகளின் எண்ணிக்கை 11 ஆனது. அதில் நான்கு பணிவாரி: சிறப்புப் படை, போக்குவரத்து, அணு ஆயுதம், சைபர்.

ஒவ்வொன்றும் ஏதோ ஒரு அடி வாங்கிய பிறகே பிறந்தது என்பதைக் கவனியுங்கள். 1980 ஏப்ரலில் ஈரானில் பிணைக் கைதிகளை மீட்கப் போனார்கள். ஹெலிகாப்டர்கள் கடற்படையுடையவை, ஓட்டியவர்கள் பெரும்பாலும் மரைன்கள் (கடலிலிருந்து கரையிறங்கிச் சண்டையிடும் தனிப்படை), எரிபொருள் கொண்டுவந்த விமானங்கள் விமானப்படையுடையவை, மீட்கப் போன வீரர்கள் தரைப்படை. எட்டு ஹெலிகாப்டர் கிளம்பி ஆறுதான் பாலைவனத்துக்கு வந்து சேர்ந்தன, அதிலும் ஒன்று பழுது. திட்டத்தைக் கைவிட்டுத் திரும்பும்போது ஒரு ஹெலிகாப்டர் விமானத்தில் மோதி எட்டுப் பேர் இறந்தார்கள். இந்த நான்கு தரப்பையும் எப்போதும் ஒன்றாகப் பழக்கி வைத்திருக்க ஒரு நிரந்தரத் தலைமை இல்லை என்பது அன்று தெரிந்தது. 1987-இல் சிறப்புப் படை கமாண்ட் வந்தது. தளவாடம் வாங்கத் தனிப் பட்ஜெட்டும் அதற்குக் கிடைத்தது.

போக்குவரத்து கமாண்டின் கதையில் ரத்தம் இல்லை, ஆனால் எனக்குப் பிடித்த கதை. 1978-இல் ஐரோப்பாவில் போர் வந்தால் படையை எப்படிக் கொண்டுபோவது என்று காகிதத்தில் ஒரு பயிற்சி நடத்தினார்கள். எந்த விமானம் யாருக்கு, எந்தக் கப்பல் எப்போது என்பதில் ஒரே குளறுபடி. 1987-இல் போக்குவரத்து கமாண்ட் பிறந்தது. 1991 வளைகுடாப் போருக்கு 5 லட்சம் பேரையும் அவர்களுடைய மூட்டை முடிச்சுகளையும் கொண்டுபோய்ச் சேர்த்தபோது அதன் அருமை தெரிந்தது. அதுவரை போர்க்காலத்தில் மட்டும் இருந்த முழு அதிகாரம் 1992-இல் அமைதிக் காலத்துக்கும் நீட்டிக்கப்பட்டது.

பகுதிவாரிக் கமாண்டுகளில் நமக்கு அக்கறையான ஒரு தகவல்: ஹவாயிலிருந்து இயங்கும் இந்தோ-பசிஃபிக் கமாண்டில் இந்தியா வருகிறது, பாகிஸ்தான் சென்ட்ரல் கமாண்டில். அவர்கள் போட்ட கோடு நம் மேற்கு எல்லையில்தான் ஓடுகிறது. இந்தியா-பாகிஸ்தான் பிரச்சினை என்று வந்தால் அவர்களுக்கு இரண்டு அலுவலகம் பேசியாக வேண்டும்.

ஒரே இடத்தில் பகுதிவாரித் தளபதியும் பணிவாரித் தளபதியும் இருந்தால் யார் சொல்வது நடக்கும்?

அமெரிக்கர்கள் இதற்கென்றே ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு நடவடிக்கைக்கும் ஒருவரை ஆதரவு பெறும் தளபதி என்றும் மற்றவர்களை ஆதரவு தரும் தளபதிகள் என்றும் மேலிடம் அறிவித்துவிடும். வளைகுடாப் போரில் சென்ட்ரல் கமாண்ட் பெறுபவர், போக்குவரத்து கமாண்ட் தருபவர். என்ன வேண்டும், எப்போது வேண்டும் என்று பெறுபவர் சொல்வார். அதை எந்த விமானத்தில், எந்த வழியில் கொண்டுவருவது என்பது தருபவர் பாடு.

தாளில் எழுதிவைத்தால் அழகாக இருக்கும். இரண்டு பகுதிவாரித் தளபதிகள் ஒரே நாளில் ஒரே விமானத்தைக் கேட்கும்போதுதான் சிக்கல். அதைத் தீர்ப்பது எந்தக் கமாண்டாலும் முடியாது, மேலேதான் போக வேண்டும்.

விண்வெளி பகுதியா, பணியா?

அமெரிக்கர்கள் 2019-இல் பகுதி என்று முடிவு செய்தார்கள். கடல் மட்டத்திலிருந்து 100 கிலோமீட்டருக்கு மேலே உள்ள எல்லாம் விண்வெளி கமாண்டின் பகுதி. மேல் எல்லை கிடையாது. உலகத்திலேயே பெரிய வட்டாரப் பொறுப்பு அதுதான் என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆனால் அந்த முடிவுக்கு நடைமுறைப் பயன் உண்டு. தனக்கென்று பகுதி இருந்தால் அங்கே ஆதரவு பெறுபவராகவும் ஆகலாம், காலமெல்லாம் தருபவராகவே இருக்க வேண்டியதில்லை.

சீனா?

2016 பிப்ரவரியில் ஏழு ராணுவ வட்டாரங்களைக் கலைத்து ஐந்து தியேட்டர் கமாண்டுகளாக்கினார்கள் (தியேட்டர் என்றால் ஒரு போர் வட்டாரம்; அங்கே இருக்கும் எல்லாப் படைகளும் ஒரே தளபதியின் கீழ்). செங்டுவில் இருக்கும் மேற்குத் தியேட்டர்தான் நம் எல்லையைப் பார்க்கிறது. அதாவது நம் பக்கம் வடக்கு, கிழக்கு என்று பல கமாண்டுகள் பார்க்கும் எல்லையை எதிர்ப்பக்கம் ஒரே தளபதி பார்க்கிறார். தியேட்டர் கமாண்டுக்கு ஆதரவாகப் பேசுபவர்கள் முதலில் எடுத்து வைக்கும் வாதம் இது.

அவர்கள் பணிவாரியாகச் செய்ததைப் பற்றி இங்கே அவ்வளவாகப் பேசுவதில்லை. விண்வெளி, சைபர், மின்னணுப் போர் எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டு 2015 கடைசி நாளில் ஸ்ட்ராடஜிக் சப்போர்ட் ஃபோர்ஸ் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். 2024 ஏப்ரலில் அதைக் கலைத்து, விண்வெளி, சைபர், தகவல் ஆதரவு என்று மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். பணிவாரி என்று முடிவெடுத்தாலும் எந்தப் பணிகளை ஒன்றாகக் கட்டுவது என்ற கேள்வி மிச்சம் இருக்கும்.

நம் அணு ஆயுதங்களை ஏன் வடக்கு, மேற்கு கமாண்டுகளிடம் கொடுக்காமல் தனியாக வைத்திருக்கிறார்கள்?

யார் அதைப் பயன்படுத்த உத்தரவிடலாம் என்பதால். அந்த முடிவு பிரதமர் தலைமையில் இருக்கும் அரசியல் குழுவுடையது. எல்லையில் அடிபட்டுக்கொண்டிருக்கும் ஒரு தளபதியின் கோபத்துக்கும் அவசரத்துக்கும் எட்டாத தூரத்தில் அது இருக்க வேண்டும். ஏவுகணை தரைப்படையிடம், விமானம் விமானப்படையிடம், நீர்மூழ்கி கடற்படையிடம் இருப்பதால் மூன்றையும் ஒரே சங்கிலியில் கோக்க 2003 ஜனவரியில் ஸ்ட்ராடஜிக் ஃபோர்சஸ் கமாண்டை அமைத்தார்கள்.

பெங்களூரில் இருக்கும் பாதுகாப்பு விண்வெளி அமைப்பு ஏன் கமாண்ட் இல்லை, ஏஜென்சி?

விண்வெளிக்குப் பெங்களூரிலும் சைபருக்கு டெல்லியிலும் ஒவ்வொரு ஏஜென்சியும், சிறப்பு நடவடிக்கைகளுக்கு ஒரு டிவிஷனும் 2019-இல் உருவாகின. மூன்றும் முப்படைகளுக்கும் பொதுவானவை. கமாண்ட் என்றால் மூன்று நட்சத்திர அதிகாரி (தரைப்படையில் லெப்டினன்ட் ஜெனரல்), பெரிய தலைமையகம், தனி அதிகாரம். ஏஜென்சி என்றால் இரண்டு நட்சத்திரம் (தரைப்படையில் மேஜர் ஜெனரல்), சின்னக் குழு, ஒருங்கிணைப்பு வேலை. முதலில் சின்னதாகத் தொடங்கிப் பார்ப்போம் என்ற நம் ஊர் எச்சரிக்கை இதில் இருக்கிறது. பணிவாரியின் வளர்ச்சியைப் பார்க்க விரும்புகிறவர்கள் தியேட்டர் செய்திகளைவிட இந்த மூன்றையும் கவனிக்கலாம்.

தியேட்டர் கமாண்ட் வந்தால் பணிவாரி கமாண்டுகள் போய்விடுமா?

போகாது. இன்னும் முக்கியமாகிவிடும் என்பது என் எண்ணம்.

முப்படைத் தலைமைத் தளபதி பதவி 2020 ஜனவரி 1 அன்று ஜெனரல் பிபின் ராவத்தோடு தொடங்கியதிலிருந்து இந்த விவாதம் சூடாக நடக்கிறது. ஒரு தியேட்டரில் இருக்கும் மூன்று படைகளையும் ஒரே தளபதியின் கீழ் கொண்டுவருவது திட்டம். விமானப்படைக்குள்ளிருந்து தயக்கம் வந்தது. 42 ஸ்குவாட்ரன்களுக்கு அனுமதி இருந்தும் கையில் இருப்பது அதைவிட வெகு குறைவு. அதைத் தியேட்டருக்கு இவ்வளவு என்று பிரித்துப் பூட்டிவிட்டால், மேற்கே நெருக்கடி வரும்போது கிழக்கே விமானங்கள் சும்மா நிற்கும் என்றார்கள். விமானம் சில மணி நேரத்தில் நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போகும். பதுங்குகுழியில் இருக்கும் படைப்பிரிவால் முடியாது. மேலே சொன்ன டவுடிங்கின் கணக்கும் கிட்டத்தட்ட இதுதான்.

எதிர்வாதமும் லேசானதில்லை. எல்லையில் நிற்கும் தளபதி ஒவ்வொரு முறையும் டெல்லிக்குப் போன் போட்டு விமானம் கேட்டுக்கொண்டிருந்தால் எதிரி காத்திருப்பானா?

கோடு எங்கே போடுவது, தலைமையகம் எந்த ஊர் என்று எல்லோரும் பேசுகிறார்கள். கோடு எங்கே போட்டாலும் எரிபொருள், குண்டு, உதிரிபாகம், பயிற்சி பெற்ற ஆள் ஆகியவை கோட்டைத் தாண்டிப் போய்வந்தாக வேண்டும். 2021-இல் போர்ட் பிளேர், குவாஹாட்டி, மும்பையில் முப்படைகளுக்கும் பொதுவான சரக்கு மையங்கள் தொடங்கப்பட்டன. என்னைக் கேட்டால் அங்கிருந்து தொடங்கி ஒரு முழு சரக்கு கமாண்ட் வரை போயிருக்க வேண்டும், தியேட்டரை அதற்கப்புறம் பேசியிருக்கலாம். அமெரிக்காவில் போக்குவரத்து கமாண்ட் வருவதற்கு முன்பே பகுதிவாரிக் கமாண்டுகள் நாற்பது வருடமாக இருந்தனவே என்று ஒரு மாணவி மடக்கினாள். சரிதான். ஆனால் அந்த நாற்பது வருடமும் நமக்கும் வேண்டுமா?

முப்படை கமாண்டில் விமானப்படை ஆள் தப்புச் செய்தால் தரைப்படைத் தளபதி தண்டிக்க முடியுமா?

நெடுங்காலம் முடியாது. தரைப்படைக்கும் விமானப்படைக்கும் 1950-இல் வந்த தனித்தனிச் சட்டங்கள், கடற்படைக்கு 1957-இன் சட்டம். ஆளை அவருடைய சொந்தப் படையின் யூனிட்டுக்குத் திருப்பி அனுப்பித்தான் நடவடிக்கை எடுக்க வேண்டும். 2023-இல் வந்த முப்படை அமைப்புகளுக்கான கட்டுப்பாடு, ஒழுங்குச் சட்டம் இதை மாற்றியது. 2024 மே 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. இப்போது அத்தகைய அமைப்பின் தலைவர் தன் கீழ் வேலை செய்யும் எந்தப் படை ஆள் மீதும் நடவடிக்கை எடுக்கலாம். ஆனால் அந்த ஆளுக்கு அவருடைய படையின் சட்டம்தான் பொருந்தும்.

பணிவாரி கமாண்டில் நேரடியாகச் சேர முடியுமா?

முடியாது. தரைப்படை, கடற்படை, விமானப்படை என்று ஒரு படையில்தான் சேர முடியும். கமாண்ட் என்பது போஸ்டிங். இன்று பெங்களூர் பயிற்சி கமாண்டில் இருப்பவர் மூன்று வருடம் கழித்து ஷில்லாங்கில் கிழக்கு விமானப்படை கமாண்டில் இருக்கலாம்.

பயிற்சி கமாண்ட், பராமரிப்பு கமாண்ட் என்றால் இரண்டாம் தரமா? பதவி உயர்வு பாதிக்குமா?

இதைக் கேட்காத பெற்றோர் இல்லை. தளபதியின் பதவி அளவில் வித்தியாசம் கிடையாது. டெல்லி மேற்கு கமாண்டின் தலைவரும் நாக்பூர் பராமரிப்பு கமாண்டின் தலைவரும் ஏர் மார்ஷல்கள்தான். மற்றபடி ஃபைட்டர் விமானிகளுக்குப் போர் ஸ்குவாட்ரனில் இருக்கத்தான் ஆசை, அதை மறைப்பதற்கில்லை. எஞ்சினியரிங் படித்த பையனுக்கோ பெண்ணுக்கோ நாக்பூரின் கீழ் இருக்கும் டிப்போக்கள்தான் உண்மையான பள்ளிக்கூடம். ஒரு விமானத்தை முழுக்கப் பிரித்துப் போட்டு மறுபடி கோத்துப் பறக்கவிடும் வேலை வேறெங்கும் கையில் கிடைக்காது. சூலூருக்குப் போஸ்டிங் வந்தால் அது எந்தப் பக்கத்துக் கேட் என்று முதலில் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.